பிழையும் பிரதிக்கிரமணமும்



நம் முனிவரர்கள் நாள்தோறும் ஆற்ற வேண்டிய இன்றியமையாக் கடமைகள் ஆறு என வகுத்துள்ளனர் ஆச்சாரியப் பெருமக்கள். சாமாயிகம், ஸ்தவம், வந்தனை, பிரதிக்கிரமணம், பிரத்தியாக்கியானம், காயோத்சர்க்கம் என்பன அவை. இவற்றுள் நான்காவதாக நிற்கும் பிரதிக்கிரமணம் என்னும் சொல்லுக்குப் பின்னோக்கி அடியெடுத்து வைத்தல் என்பது பொருள். வழி தவறியவன் வந்த வழியே திரும்பித் தவறிய இடத்தை அடைவது போல, செய்த பிழையினின்று மனம் மீண்டு தன்னிலைக்கு வருதல் என்பது அதன் கருத்து. பகலில் நேர்ந்தவற்றுக்கு மாலையில், இரவில் நேர்ந்தவற்றுக்கு விடியலில், பின்னர்ப் பக்கந்தோறும், நான்கு திங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை எனக் கால அளவையும் குறித்து வைத்தனர்.

இவ்வளவு விரிவான ஏற்பாடு யாருக்காக? கொடியோர்க்காக அன்று, ஐம்பெரும் விரதங்களைப் பூண்ட துறவியர்க்காக. ஒழுக்கத்தில் தலைநின்றோரும் நாள்தோறும் பிழை செய்யக்கூடும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்து அமைக்கப்பட்ட நெறி இது. பிழையே நேராது என்று கருதியிருப்பின் இரண்டு வேளை பிரதிக்கிரமணம் எதற்கு? நம் அறத்தின் இந்த ஓர் அமைப்பை இன்றைய வாழ்வோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் சில காலமாக நம் உள்ளத்தில் இருந்து வருகிறது.

காரணம் இதுதான். இன்று நம் இல்லங்களில் வளரும் குழந்தைகள் பிழை செய்ய அஞ்சுகின்றனர். கணக்கு ஒன்றைக் கொடுத்தால் தாளில் போட்டுப் பார்க்குமுன் கைபேசியை எடுத்து விடையைக் கேட்கின்றனர். எழுத்துப் பிழை செய்தால் இயந்திரமே திருத்திவிடுகிறது. எந்த எழுத்தைத் தவறவிட்டோம் என்பதைக் குழந்தை அறியாமலே போகிறது. ஊருக்குப் புறப்பட்டால் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று கைபேசி கூறுகிறது. நாளை மழை வருமா, பேருந்து எப்போது வரும், தேர்வில் எத்தனை மதிப்பெண் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் உடனடி விடை வேண்டும். ‘தெரியவில்லை’ என்னும் நிலையில் ஒரு நாழிகை பொறுத்திருக்க எவர்க்கும் மனமில்லை. குழந்தைகளை மட்டும் குறை கூறுவதற்கில்லை. பெரியவர்களாகிய நாமும் அவ்வாறே ஆகிவிட்டோம்.

அறியாமையை ஒப்புக்கொள்வது நம் சமயத்துக்குப் புதிதன்று. ஞானம் ஐந்து வகை என்கிறோம்: மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம். இவற்றுள் கேவல ஞானம் ஒன்றே குறைவற்றது. அதனை எய்தாத அனைவரையும், அவர் எத்துணை உயர்ந்தோராயினும், சத்மஸ்தர் என்றே, அதாவது திரை நீங்காதவர் என்றே நம் நூல்கள் குறிக்கின்றன. குணஸ்தானம் பதினான்கினுள் பன்னிரண்டாம் படியில் நிற்பவரும் சத்மஸ்தரே. ஆயின் முதற்படிகளில் தடுமாறும் நம் போன்றோர் நிலை என்ன? நாம் அறிந்தது சிறிது, அறியாதது பெரிது. அறிந்ததும் ஒரு பக்கத்திலிருந்து அறிந்ததே. இதனை நினைவூட்டவே ‘ஸ்யாத்’ என்னும் சிறு சொல்லை நம் ஆச்சாரியர்கள் ஒவ்வொரு கூற்றின் முன்னும் வைத்தனர்.

அச்சொல்லுக்கு ‘ஒருவேளை’ என்று பொருள் கூறி, சமணர் எதையும் உறுதியாகச் சொல்லமாட்டார் என்று எள்ளுவோர் உண்டு. அது பொருந்தாது. ‘ஒரு வகையால்’ என்பதே அதன் பொருள். குடம் உண்டு என்பது குடம் என்னும் வகையால் உண்மை. ஆடை என்னும் வகையால் அது இல்லை என்பதும் உண்மை. எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசு என்பதே ஸ்யாத்வாதத்தின் கட்டளை. இது தயங்குவோனின் மொழியன்று, பொறுப்புள்ளவனின் மொழி.

இவ்விடத்தில் வாசகர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் முதலாவது ஐயமின்மை அன்றோ? ஐயப்படாதே என்று ஒருபுறமும், உன் அறிவு குறையுடையது என்று மறுபுறமும் கூறுவது முரண் ஆகாதா? ஆகாது என்பதே நம் கருத்து. ஐயமின்மை என்பது ஜினர் காட்டிய நெறியின்பால் கொள்ளும் உறுதி. அந்நெறியில் நடக்கும் நம் காலின்மேல் கொள்ளும் உறுதியன்று அது. பாதை சரியானது என்று நம்புபவனே, தான் பாதையைவிட்டு விலகிவிட்டோமோ என்று அடிக்கடி பார்த்துக்கொள்வான். பாதையில் நம்பிக்கையற்றவனுக்கு விலகினோமா என்னும் கவலையே இல்லை.

சுவேதாம்பர ஆகமமாகிய உபாசகதசையில் வரும் ஒரு வரலாறு இதனை நன்கு விளக்கும். வாணிய கிராமத்து இல்லறத்தாராகிய ஆனந்தர் உண்ணா நோன்பிருந்த காலத்தில் அவதி ஞானம் பெற்றார். அவரைக் காணச் சென்ற இந்திரபூதி கௌதமரிடம் தாம் பெற்ற ஞானத்தின் எல்லையைக் கூறினார். இல்லறத்தார்க்கு இவ்வளவு விரிந்த ஞானம் வாய்க்காது. ஆதலின் இவ்வாறு கூறியதற்குக் கழுவாய் தேடுக என்றார் கௌதமர். உண்மை சொன்னவர்க்குமா கழுவாய் என்று பணிவோடு வினவினார் ஆனந்தர். ஐயமுற்ற கௌதமர் பகவான் மகாவீரரிடம் சென்று கேட்டார். பிழை உன்னுடையதே, சென்று ஆனந்தரிடம் பொறுத்தருள வேண்டு என்றார் பகவான். கணதரர்களுள் முதல்வர், நான்கு ஞானம் உடையவர், ஓர் இல்லறத்தாரைத் தேடிச் சென்று மன்னிப்பு வேண்டினார். அதனால் அவர் பெருமை குன்றியதாக எவரும் கூறவில்லை. இருபத்தைந்து நூற்றாண்டுகளாக அவர் திருப்பெயரைச் சொல்லி வணங்கி வருகிறோம்.

இனி, நம் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் கணிப்பொறி உண்டு. இரண்டிலும் பிழை உண்டு.

முதலாவது நம் நாட்டில் நிகழ்ந்தது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவுகலம் முதன்முறையாக விண்ணில் செலுத்தப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம் அவர்கள். புறப்படுவதற்குச் சிறிது நேரம் முன்னர்க் கணிப்பொறி ஏவுதலை நிறுத்தி எச்சரித்தது. உடனிருந்த வல்லுநர்கள் கவலை வேண்டா என்றனர். கணிப்பொறியின் எச்சரிக்கையைப் புறந்தள்ளி ஏவுமாறு தாமே முடிவு செய்ததாகக் கலாம் அவர்கள் பின்னாளில் பலமுறை வெளிப்படையாக எடுத்துரைத்துள்ளார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்து, ஏவுகலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று செய்தியாளர் முன் அமர்ந்து தோல்விப் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் அவர்கள். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அடுத்த முயற்சி வெற்றி பெற்றபோது அவர் பின்னே நின்று கலாம் அவர்களைப் பேசச் செய்தார்.

இரண்டாவது இங்கிலாந்தில் நிகழ்ந்தது. அந்நாட்டின் கிளை அஞ்சலகங்களில் 1999ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. அதிலிருந்த கோளாறுகளால், இல்லாத பற்றாக்குறை இருப்பதாகக் கணக்குக் காட்டியது. சிற்றூர்களில் கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்தி வந்த எளிய மக்கள் பணத்தைக் கையாடினர் என்று குற்றம் சாட்டப்பட்டனர். தாம் ஒரு காசும் எடுக்கவில்லை என்று அவர்கள் கதறியும் பயனில்லை. கணிப்பொறி பொய் சொல்லாது என்பதே மேலிடத்தின் நிலைப்பாடு. பற்றாக்குறையை ஈடுசெய்யத் தம் சேமிப்பை இழந்தோர் பலர். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் மென்பொருளில் கோளாறுகள் இருந்ததை உறுதி செய்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. 2024ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்றி எஞ்சியோருள் பலரையும் விடுவித்தனர். இழந்த ஆண்டுகளை எந்தச் சட்டமும் திருப்பித் தரவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குக. முன்னதில் கணிப்பொறியின் சொல்லைக் கேளாததால் பிழை நேர்ந்தது. பின்னதில் கணிப்பொறியின் சொல்லை மட்டும் கேட்டதால் பிழை நேர்ந்தது. ஆதலின் இயந்திரத்தை நம்பலாமா நம்பக்கூடாதா என்னும் வினாவே சரியானதன்று. ஒரு பக்கத்தை மட்டும் பற்றிக்கொண்டு மறுபக்கத்துக்குச் செவி மூடுதலை நம் முன்னோர் ஏகாந்தம் என்றனர். மனிதன் அறிவே பெரிது என்பதும் ஏகாந்தம். இயந்திரம் பிழை செய்யாது என்பதும் ஏகாந்தம்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. முன்னதில் பிழை நேர்ந்த அன்றே அதற்கு உரியவர் முன்வந்தனர். ஓராண்டு கழிவதற்குள் வெற்றி வந்தது. பின்னதில் பிழையை ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகள் ஆயின. பிழையினும் பெரிய தீங்கை விளைத்தது பிழையை மறைத்தலே.

அண்மைக் காலத்தில் சந்திரயான் வரலாறும் இதனையே கூறுகிறது. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான்-2 அனுப்பிய தரையிறங்கு கலம் நிலவில் மோதிச் சிதைந்தது. எங்கெங்கே பிழை நேர்ந்தது என்று பொறுமையோடு ஆராய்ந்தனர். அடுத்த கலத்தை அமைக்கும்போது, எவையெல்லாம் சரியாக நடக்கும் என்று கணக்கிடுவதை விட்டு, எவையெல்லாம் தவறக்கூடும் என்பதை எண்ணி அமைத்தனர். ஐந்நூறு மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை ஏறத்தாழ 4 கி.மீ. நீளமும் இரண்டரைக் கி.மீ. அகலமும் கொண்டதாக விரித்தனர், கால்களை உறுதியாக்கினர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள் நம்மவர் பலர் வாழும் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். நாளை நடப்பது நம் கையில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டவர்க்கே அகன்ற இறங்குமிடம் கிடைக்கிறது. பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் அநித்தியத்தை முதலில் வைத்ததன் பயனும் இதுவே. நிலையாமையை எண்ணுதல் மனம் சோர்வதற்கன்று, ஆயத்தமாக இருப்பதற்கு.

இதுகாறும் கூறியவை பிறர் பிழைகள். பிறர் பிழையைக் கொண்டு பாடம் கூறுதல் எளிது. தம் பிழையைக் கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நமக்கு அழகன்று.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். ஐந்தாம் வகுப்பில் ஒரு கணக்கு: ஆறு பேர் எட்டு நாளில் முடிக்கும் வேலையை நான்கு பேர் எத்தனை நாளில் முடிப்பர்? நாற்பது குறிப்பேடுகளையும் கையிலிருந்த வழிகாட்டி நூலின் விடைப் பகுதியை வைத்துத் திருத்தினோம். நூலில் விடை 21 என்றிருந்தது. ஒரு சிறுமி 12 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி இட்டோம். அவள் எழுந்து, “டீச்சர், மூணு தடவை போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டுதான் வருது” என்றாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று எண்ணி, மதிய மணி அடிக்கும் வரை நிற்க வைத்தோம். மதியத்துக்குப் பின் அவள் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 12ஐ அழித்துவிட்டு 21 என்று எழுதியிருந்தாள். நாம் சரிக்குறி இட்டோம்.

அன்றிரவு அக்கணக்கு ஏனோ நினைவுக்கு வந்தது. ஆறெட்டு நாற்பத்தெட்டு; நாற்பத்தெட்டை நான்கால் வகுத்தால் பன்னிரண்டு. அச்சில் எண்கள் இடம் மாறியிருந்தன. அரை நொடியில் போடக்கூடிய கணக்கு. அந்த அரை நொடியை நாம் செலவிடவில்லை. அக்காலத்தில் நம் கையில் கைபேசி இல்லை. அந்த வழிகாட்டி நூலே நமக்கு இயந்திரமாக இருந்தது.

மறுநாள் என்ன செய்தோம் என்பதையும் கூற வேண்டும். சிவாரியர் அருளிய பகவதி ஆராதனையில், குருவின் முன் பிழையை வெளியிடும் ஆலோசனைக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என வகுக்கப்பட்டுள்ளன. குருவின் மனத்தை இளகச் செய்துவிட்டுப் பிழையைச் சொல்லுதல். பிறர் கண்டதை மட்டும் சொல்லுதல். பெரிய பிழையை மறைத்துச் சிறியதைச் சொல்லுதல். ஆரவாரம் மிகுந்த வேளையில் எவர் செவியிலும் விழாதபடி சொல்லுதல். தன்னைப் போன்றே பிழை செய்த ஒருவரிடம் சென்று சொல்லுதல் என்பன அவற்றுள் சில. மனித மனத்தின் ஒளிவிடங்களை இத்துணைத் தெளிவாகக் கண்டவர்கள் அரியர். பள்ளியில் நன்னூல் பயின்றபோது, பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றம் பத்து என வகுத்ததை மனனம் செய்தோம். ஆலோசனைக்கும் குற்றம் பத்து என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தோம். அறிந்த அன்று நாணினோம். ஏனெனில் மறுநாள் வகுப்பில், பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு கலையும் வேளையில், “நேற்றுக் கணக்கில் புத்தகத்தில் அச்சுப்பிழை, பன்னிரண்டே சரி” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அமர்ந்தோம். பிழை நூலின்மேல் ஏறியது, நம்மேல் ஏறவில்லை. அவளை அழைத்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதன்பின் அச்சிறுமி வகுப்பில் கை தூக்கவே இல்லை. ஆண்டிறுதியில் அவள் தந்தைக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று.

தவறுகளே சிறந்த ஆசான் என்று எங்கும் கூறுகிறார்கள். அது உண்மையே, எனினும் அதனோடு ஒரு வினாவையும் சேர்க்க வேண்டும்: அந்த ஆசானுக்குக் கட்டணம் செலுத்துவது யார்? அன்று நாம் பாடம் கற்றோம். அதன்பின் ஓய்வு பெறும் நாள் வரை, தாமே போட்டுப் பாராத கணக்கை நாம் திருத்தியதில்லை. ஆயினும் அப்பாடத்துக்கு விலை கொடுத்தவள் ஒரு பத்து வயதுச் சிறுமி. பிழையால் நாம் வளர்ந்தோம் என்று மகிழுமுன், அப்பிழையால் தாழ்ந்தவர் எவர் என்று நோக்குதல் அஹிம்சையை அறமாகக் கொண்டவர்க்குக் கடமை.

இதற்கு வழியும் நம் நூல்களிலேயே உள்ளது. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆச்சாரியர் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், உயிருக்கு ஊறு செய்தல் என்பதோடு நில்லாமல், பிரமாதத்தோடு கூடிச் செய்தல் என்கிறார். பிரமாதம் என்பது விழிப்பின்மை, கருத்தின்மை. அறியாமையால் வரும் பிழை வேறு. பார்க்க முடிந்தும் பாராமல் விடுவதால் வரும் பிழை வேறு. முன்னது திரை நீங்காத நம் இயல்பு. அதற்கு வேண்டுவது பணிவு. பின்னது நம் குற்றம். அதற்கு வேண்டுவது கழுவாய். நிச்சயமின்மையை ஏற்றுக்கொள் என்னும் அறிவுரை முன்னதற்கே பொருந்தும். பின்னதற்கு அதனைப் போர்வையாக்குதல் கூடாது. கழுவாயின் வகை ஒன்பது என அதே நூலின் ஒன்பதாம் இயல் கூறுகிறது. அவற்றுள் முதலில் நிற்பது ஆலோசனை, மறைக்காமல் சொல்லுதல். மற்ற எட்டும் அதன் பின்னரே.

இன்று செயற்கை நுண்ணறிவு என்னும் மென்பொருள் எந்த வினாவுக்கும் நொடியில் விடை தருகிறது. அது பயனுடையதே, மறுப்பதற்கில்லை. எனினும் அது சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே குரலில் கூறக்கூடியது. தவறாகச் சொல்லியதற்காக அது இரவில் உறங்காதிருப்பதில்லை. அது தரும் விடையின் முன் ‘ஸ்யாத்’ என்னும் சொல்லைச் சேர்க்க வேண்டியவர் நாமே. அந்தப் பழக்கம் குழந்தைக்கு எங்கிருந்து வரும்? தானே முயன்று, தவறி, திருத்திக்கொண்ட அனுபவத்திலிருந்தே வரும். பிழையே செய்யாமல் வளர்ந்த பிள்ளைக்குப் பிறர் பிழையைக் காணும் கண்ணும் இராது. பிறர் பிழையைப் பொறுக்கும் நெஞ்சும் இராது.

ஆதலின் நம் இல்லங்களில் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளலாம் என்று பணிவோடு கூறுகிறோம். குழந்தை முதலில் தானே கணக்கைப் போடட்டும். அதன்பின் கைபேசியைக் கேட்கட்டும். இரண்டும் வேறுபட்டால் எது பிழை என்று அதுவே தேடட்டும். குழந்தை கேட்கும் வினாவுக்கு விடை தெரியாதபோது, ‘தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்’ என்று பெரியவர்கள் தயங்காமல் சொல்லட்டும். மாலையில் விளக்கேற்றி ணமோகாரம் சொல்லும் வேளையில், அன்று தாம் செய்த ஒரு பிழையைப் பெரியவர்களே முதலில் குழந்தைகள் முன் சொல்லட்டும். குழந்தையிடம் பிழைத்திருப்பின் அக்குழந்தையிடமே மன்னிப்புக் கேட்கட்டும். கௌதமர் ஆனந்தரைத் தேடிச் சென்றார். நமக்கோ அடுத்த அறைக்குச் சென்றால் போதும்.

ஆண்டுதோறும் தசலட்சண பர்வம் முடிந்து க்ஷமாவாணி நாளில் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுகிறோம். அன்று உற்றார் உறவினர் அனைவரிடமும் கேட்டு முடித்தபின், பெயர் சொல்லாமல் ஒருவரிடம் நாம் கேட்பதுண்டு. இன்று அவரும் பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பார். எங்கேனும் இவ்விதழ் அவர் கையில் சேருமாயின், அம்மா, உன் விடை சரியானது. பிழை நூலினுடையது அன்று, எங்களுடையது. பொறுத்தருள்க.

எல்லா உயிரும் நலம் பெறுக! வாழ்க அருகன் அறம்!